பழியெல்லாம் சுவர் மேல்

டொக், டொக், டொக். விரல் முட்டியால் சுவரைத் தட்டுகிறார். காதை ஒட்டிவைத்துக் கேட்கிறார். ஓரடி நகர்ந்து மறுபடியும் தட்டுகிறார். வீட்டுக்காரர் அறைக் கதவைப் பிடித்தபடி, "கம்ப்யூட்டர் இந்த ரூம்ல இருக்குங்க" என்கிறார் இரண்டாவது தடவையாக. "இருக்கட்டும், அது எங்கயும் ஓடிப்போயிடாது" என்று பதில் வருகிறது. அடுத்த சுவர். டொக், டொக். "இது செங்கல், சாது. அந்தப் பக்கம் இருக்கே, அது கான்கிரீட். அதுகிட்டதான் வம்பு."

வைஃபை மெதுவாகிப் படம் பாதியில் நின்று வட்டம் சுற்றினால், ஒரு ஃபைலை இறக்குவதற்குள் சமையலே முடிந்துவிட்டால், அந்த வட்டாரத்தில் கூப்பிடுவது இவரைத்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பலருடைய போனில் 'சுவர்க்காரர்' என்றுதான் பதிவாகியிருக்கிறார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இவருக்குச் சுவர் இருந்தால்தான் சோறு.

வயது ஐம்பத்து மூன்று. ஒல்லியான, லேசாகக் கூன் விழுந்த உடம்பு. காதில் ஒரு துண்டுப் பென்சில். தோள்பையில் ஒரு பழைய லேப்டாப், சுருட்டிக் கட்டிய பதினைந்து மீட்டர் கேபிள், கிளிப்பும் ஆணியும் போட்ட மிட்டாய் டப்பா, ஒரு சின்னச் சுத்தியல். அவ்வளவுதான் கடை. மற்ற எதைக் கண்டாலும் பொறுத்துப்போவார், ஆடுகிற மேசையைக் கண்டால் மட்டும் பொறுக்காது. கையில் கிடைத்த காகிதத்தை நாலாக மடித்து ஆடும் காலுக்கு அடியில் சொருகிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அதற்கு நன்றி சொன்னால் கோபம் வரும்.

வேகத்தை அளக்க அவர் வைத்திருக்கும் அளவுகோல் அவருடைய குறட்டை. "நான் குறட்டையே விடுறதில்ல" என்று பல வருடம் சாதித்த மனிதரை மடக்க, அவர் மனைவி அதைப் பதிவு செய்து காலையில் காப்பியோடு சேர்த்துக் கொடுத்தாள். பதிவு சரியாக நூறு எம்பி. மனிதர் வெட்கப்படவில்லை. அதை இணையத்தில் ஏற்றிவைத்துவிட்டு, போகிற வீட்டிலெல்லாம் இறக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆரோக்கியமான வைஃபை என்றால் பத்துப் பன்னிரண்டு வினாடி. சீக்கு வைஃபை என்றால் எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம். "ஊரான் ஃபைல நம்பலாமா? இது நம்ம சொந்தக் குறட்டை" என்பார்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். எப்ப வரைக்கும் நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் வீட்ல எது இடம் மாறுச்சு? யாரு புதுசா வந்தாங்க? வைத்தியர் நாடி பார்க்கும் முகத்தோடு கேட்பார். பதில்களை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். ரவுட்டரை மீன்தொட்டிக்குப் பின்னால் ஒளித்த வீடுகள் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் தலையில் ஏற்றியவர்கள் உண்டு. விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது, கண் கூசுகிறது என்று அதன் மேல் எவர்சில்வர் வாளியைக் கவிழ்த்து வைத்த ஒரு வாத்தியாரும் உண்டு. எந்த வீட்டிலும் கடைசியில் அவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "சுவர்தாங்க. சுவத்துலதான் கோளாறு."

வாளியை எடுத்து வைத்துவிட்டு, வாளி என்றே சொல்லமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் எல்லாரும் நின்றுகொண்டிருக்கையில், "சமையக்கட்டுல ஒரு போன் நாள் முழுக்க ஓடிட்டே இருக்கு, அதுதான் மொத்தத்தையும் இழுக்குது" என்று பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். அது அந்த வீட்டு அம்மாள் பாத்திரம் துலக்கும்போது தொடர் பார்க்கிற போன். இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகத் தாய் மேல் பாய்ந்தார்கள். அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்து, போனை அணைத்து, ஃபிரிட்ஜின் மேல் கைக்கு எட்டாத மூலையில் வைத்துவிட்டாள். அந்த முகத்தை அவரால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து பழியெல்லாம் சுவர் மேல். சுவர் மறுபேச்சுப் பேசாது, அழவும் அழாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஒரு மாடி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அண்ணா, ரெண்டு மணிக்குள்ள சரியாகலன்னா எனக்கு வேலை போச்சு" என்றாள் வாசலிலேயே.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. பதிவுகள் கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டையும் பத்து நிமிடத்துக்குள் கம்ப்யூட்டரில் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு வாரம் முன்பு கம்பெனியில் எல்லாரையும் அலுவலகத்துக்கே வரச் சொன்னபோது, இவள் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். வாங்கிய மறுநாளே வைஃபை படுத்துவிட்டது. பாதிக் கட்டுகள் கைநழுவிப் போயின. கம்பெனி கெடு வைத்துவிட்டது. இன்று இரண்டிலிருந்து இரண்டரைக்குள் மூன்று கட்டு அனுப்புவார்கள். ஒன்று தவறினாலும் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வர வேண்டும், முடியாதென்றால் வேலையை விட்டுவிட வேண்டும்.

அலுவலகம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். கணவன் கப்பல் வேலையில் இருக்கிறான், வர இன்னும் நாலு மாதம். உள்ளறையில் மாமனார், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். அவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவாள்?

"நானும் எல்லாம் பண்ணிட்டேண்ணா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னாங்க, ஐம்பது தடவ பண்ணிட்டேன். புது ரவுட்டர் வாங்கிட்டேன். மேல் வீட்டுல திருடுறாங்களோன்னு பாஸ்வேர்ட மாத்தினேன், அவங்களோட பேச்ச நிறுத்தினேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. "அப்பவும் சரியாகல."

"பாவம் மேல் வீடு" என்றார் அவர். சுவரைத் தட்டினார். மூன்று கேள்வியையும் கேட்டார்.

இரண்டு வாரம் முன்பு வரை நன்றாக இருந்தது. எதுவும் இடம் மாறவில்லை. யாரும் புதிதாக வரவில்லை. "நானும் மாமாவும்தான். அவர் கட்டில விட்டே இறங்க மாட்டாரு. காலையில பத்து நிமிஷம், சாயந்திரம் பத்து நிமிஷம் நான் புடிச்சுகிட்டு நடக்க வைப்பேன். அவ்வளவுதான்."

ரவுட்டர் இருந்தது மாமனாரின் அறையில், ஜன்னலோரம் ஒரு பலகையில். வெளியிலிருந்து கேபிள் அந்த ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. கட்டிலில் பெரியவர் போர்வைக்குள் கண்ணை மூடிக் கிடந்தார். பக்கத்தில் பிடித்து நடக்கிற நான்கு கால் நடைச்சட்டம், கதவோரம் ஓர் இரும்பு பீரோ. நம் ஆள் லேப்டாப்பை ரவுட்டரோடு ஒயர் போட்டு நேராக இணைத்துக் குறட்டையை இறக்கினார். பதினொரு வினாடி. வெளியிலிருந்து வரும் லைனில் குற்றமில்லை, வீட்டுக்குள்தான் ஏதோ வழிமறிக்கிறது. கிளம்பும்போது கட்டிலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குறட்டை விஷயத்தில் அவர் அனுபவசாலி. பெரியவர் விட்ட மூச்சு தூங்குகிறவர் விடும் மூச்சாக இல்லை.

அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கோடு போட்ட காகிதத்தில், எட்டு நாளாக வேகம் குறைந்த நேரங்கள். ஒன்பதே கால், பத்தரை, பன்னிரண்டு, ஒன்றரை, இரண்டே கால், நாலரை. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

அவர் பட்டியலை இரண்டு தடவை படித்தார். மெஷின் கெட்டால் கண்ட நேரத்தில் கெடும். இது நேரம் தவறாமல் கெடுகிறது. இவ்வளவு ஒழுங்கு ஓர் இயந்திரத்துக்கு வராது, மனிதனுக்குத்தான் வரும். காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க போய் உங்க வேலையப் பாருங்கம்மா. நான் இங்க உக்காந்திருக்கேன்."

"நேரம் ஓடுதேண்ணா!"

"ஒன்றரை ஆகட்டும்."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹெட்போன் மாட்டிவிட்டால் வீட்டுக்குள் யானை புகுந்தாலும் அவளுக்குத் தெரியாது. வீட்டின் நடுவே நீளமான நடை. ஒரு கோடியில் கூடமும் அவள் அறையும், மறு கோடியில் மாமனாரின் அறை. இவர் கூடத்துப் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் தன் குறட்டையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கிக்கொண்டிருந்தார். பதிமூன்று வினாடி. பன்னிரண்டு. பதிமூன்று.

மணி ஒன்றரை. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு தள்ளாடியது, இழுத்தது, நின்றேவிட்டது.

நிமிர்ந்தார்.

நடையின் கோடியில் பீரோவின் கதவு அகலத் திறந்திருந்தது. கதவின் முழு உயரத்துக்கும் பதித்த கண்ணாடி நடையைப் பார்த்து நின்றது. அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு போலிருக்கிறது, ஒரு ஸ்டூல் முட்டுக்கொடுத்து நின்றது. கண்ணாடிக்கு எதிரே, இவருக்கு முதுகைக் காட்டியபடி பெரியவர் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றிருந்தார். பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துவிட்ட டிரைவர் மாதிரி கண்ணாடியில் இவரைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் அசையவில்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டது யார் என்றே ஒரு கணம் தெரியவில்லை.

"தம்பி, சத்தம் போடாதீங்க" என்றார் பெரியவர் கிசுகிசுப்பாக.

இவர் பூனை நடை போட்டுக் கிட்டே போனார். "என்ன ஐயா பண்றீங்க?"

"நடக்குறேன்."

"கண்ணாடி எதுக்கு?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் தம்பி. கண்ணாடி பாக்காம வண்டிய எடுத்ததே இல்ல. குனிஞ்சு காலப் பாத்தா விழுந்துடுவீங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. கால் போற எடம் தெரியாம எப்படி நடக்கறது? இதுல முழுசாத் தெரியுது பாருங்க."

"ஒரு நாளைக்கு எத்தன ட்ரிப்பு?"

"ஆறு." பெரியவரின் குரலில் பெருமை தட்டுப்பட்டது. "முதல் வண்டி ஒன்பதே கால். டைம் தவற மாட்டேன்."

சட்டைப் பையிலிருந்த பட்டியலை இவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா?" பெரியவர் மருமகளின் மூடிய கதவைப் பார்த்தார். "ரெண்டு வாரம் முன்னாடி போன்ல கெஞ்சிகிட்டிருந்தா. மாமாவத் தனியா விட்டுட்டு வர முடியாது, மாமாவத் தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு. படுத்துகிட்டே கேட்டேன். என்னால ஒருத்தி பொழப்பு கெடணுமா? நான் சட்டத்த விட்டுட்டு நடந்துட்டேன்னா அவ நிம்மதியா ஆபீஸ் போவால்ல?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். அவள் வேலையைக் காப்பாற்ற மனிதர் அடி அடியாக நடக்கிறார். அவர் நடக்கத் திறக்கும் இரும்புக் கதவு, ரவுட்டருக்கு நேரே நின்று அவள் வேலைக்கு உலை வைக்கிறது. சொன்னால் மனிதர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் இரண்டே காலுக்கு அடுத்த வண்டியை எடுத்துவிடுவார்.

லேப்டாப்பைப் பெரியவர் பக்கம் திருப்பினார். "ஐயா, அந்த ஸ்டூல எடுங்க. கதவு சாத்தட்டும்."

நின்றுபோன கோடு குடுகுடுவென்று ஓடியது.

"இப்பத் திறங்க."

நின்றது.

பெரியவர் மறுபடியும் சாத்தினார். மறுபடியும் திறந்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முகத்தில் ரத்தம் வற்றியது. "நானா தம்பி?"

"நீங்க இல்ல ஐயா, இரும்பு. வைஃபைக்கு இரும்பு ஆகாது."

"இத்தன நாள் அவ அழுததெல்லாம்..." முடிக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. தாங்க மாட்டா."

"நான் யார் பேரையும் சொல்றதில்ல ஐயா. உங்களுக்கு வேணும்னா ஊர்ல கேட்டுப் பாருங்க."

அதற்குள் மணி ஒன்று முப்பத்தெட்டு. மூன்று ஆணியை வாயில் கடித்துக்கொண்டு ஸ்டூலின் மேல் ஏறினார். பதினைந்து மீட்டர் கேபிளை ஜன்னலிலிருந்து சுவரின் உச்சி வழியாக ஓட்டி, அறைக் கதவின் நிலைக்கு மேலே கொண்டுவந்து, நடைப் பக்கம் இறக்கினார். ரவுட்டரைப் பலகையிலிருந்து எடுத்து நடைச்சுவரில், பீரோவுக்கு இந்தப் பக்கமாக, தலைக்கு மேலே மாட்டினார். கீழே பெரியவர் மிட்டாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கேட்கும் முன்பே ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து நீட்டினார். கடைசி ஆணி இறங்கியபோது இரண்டுக்கு நாலு நிமிடம் இருந்தது. குறட்டையை இறக்கினார். பத்து வினாடி.

அறைக் கதவு திறந்தது. "அண்ணா?"

"இடத்த மாத்தியிருக்கேன்மா. உக்காருங்க."

வேலை முடிந்தால் ஒரு நிமிடம் நிற்காத மனிதர், அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நடையில் நின்றார். இரண்டு அடித்ததும் முதல் கட்டு வந்தது. ஐம்பது வினாடியில் இறங்கியது. இரண்டு பதினொன்றுக்கு அடுத்தது. அதுவும் அப்படியே. மறு கோடியில் பெரியவர் பீரோவைச் சாத்திவிட்டு, முழங்கால் மேல் கைகளை வைத்துக் கட்டிலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சை வேகமாக விட்டால்கூட வைஃபை நின்றுவிடும் என்று பயந்தவர் மாதிரி இருந்தது. இரண்டு இருபத்து நாலுக்கு மூன்றாவது கட்டு. அதுவும் இறங்கிவிட்டது.

இரண்டு முப்பத்தைந்துக்குப் பதில் வந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "மூன்றும் கிடைத்தன. திங்கள் முதல் வழக்கம்போல் வீட்டிலிருந்தே செய்யலாம்." இன்னொரு தடவை படித்தாள். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வயித்துல பால வாத்தீங்கண்ணா." அவருக்கும் அப்படித்தான் இருந்தது. காதிலிருந்த பென்சில் எப்போது பல்லுக்கு இடையே போனதென்று தெரியவில்லை. கடித்த கடியில் அதன் தலை சிதைந்திருந்தது.

"என்னதாண்ணா பிரச்சினை?"

"சுவர்தாம்மா." டொக், டொக் என்று தட்டிக் காட்டினார். "கான்கிரீட்டு. வீம்பு புடிச்ச ஜென்மம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "இந்தச் சுவரா? நாங்க குடிவந்த நாள்லேர்ந்து இங்கயேதானே நிக்குது? ரெண்டு வாரமா மட்டும் அதுக்கு என்ன வந்துச்சு?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. சுவர்க்காரர் தலையைச் சொறிந்தார். இருமினார். "ஈரம் கீரம் இறங்கியிருக்கும்..." என்று இழுத்தார்.

"சுவத்தத் திட்டாதம்மா" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான்தான்."

பெரியவர் ஒன்று விடாமல் சொன்னார், ஆறு ட்ரிப்பையும் நேரத்தோடு. அவள் வாசற்படியில் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மாறிக்கொண்டே வந்தது.

"தனியாவா? ஆறு தடவையா? விழுந்திருந்தா என்ன மாமா பண்ணியிருப்பீங்க?"

"விழலையே. கண்ணாடி பாத்துத்தானே ஓட்டினேன்."

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"நீ நிம்மதியா ஆபீஸ் போகலாமேன்னு..."

"யாரு ஆபீஸ் போகணும்னு அழுதா?" அவள் அவர் பக்கத்தில் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ரெண்டு பஸ்சு, அந்த ஏசி, அந்த சூப்பர்வைசர் மூஞ்சி. எனக்கு அங்க போகவே புடிக்காது மாமா. வீட்ல இருக்கறதுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே சாக்கு நீங்கதான். அதையும் கெடுக்கப் பாத்தீங்களே!"

பெரியவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அவளையும் தொற்றிக்கொண்டது. "இனிமே என் ரூம் கதவு தொறந்திருக்கும்போதுதான் வண்டி எடுக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி ஹார்ன் அடிக்கணும். சரியா?" என்று விரலை ஆட்டினாள். மேல் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரி" என்றார் பெரியவர். சுவர்க்காரர் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கியது. "தம்பி, இனிமே அந்தக் கதவத் தொறக்கலாமா?"

சுவர்க்காரர் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பீரோவின் கதவைப் பிடித்து, கண்ணாடி நடையை நேராகப் பார்க்கும் வரை திறந்தார். கை எடுத்ததும் அது தன் பழக்கப்படி மெல்லச் சாத்திக்கொள்ள வந்தது. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். எட்டு நாள் நேரங்களையும் சேர்த்து நாலாக மடித்து, கதவின் கீல் இடுக்கில் கட்டைவிரலால் அழுத்திச் சொருகினார். விரலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவு நின்றது.